தண்ணீர்விட்டான் கிழங்கு: எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள்?

பச்சைத் தண்ணீர்விட்டான் கிழங்கை நடுவில் ஒடித்தால், பெயருக்கு ஏற்ற மாதிரி விரலெல்லாம் நீர் கசியும். என் அத்தை அதை உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். மண் போகக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் விடுவார். அப்புறம் நுனியில் நகத்தால் ஒரு கீறல். மெல்லிய தோல் சுருண்டு வந்துவிடும். உள்ளே பால் வெள்ளை. நீளவாக்கில் பிளந்து, நடுவில் ஓடுகிற நரம்பைப் பிடித்து இழுத்தால், தையல் பிரிக்கும்போது நூல் வருவதுபோல அது முழுசாகக் கையோடு வரும். "நரம்போடு இடித்தால் பொடியில் பாதி நாராகத்தான் இருக்கும்" என்பார். நிழலில் காய்ந்த பிறகு ஒரு முறம் நிறைய இருந்தது இரண்டு கைப்பிடியாகச் சுருங்கிக் கிடக்கும்.

பிரசவமான பெண்களுக்கும், மாதவிடாய் நேரத்தில் துவண்டு போகிறவர்களுக்கும் அத்தை அந்தப் பொடியைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பார். எனக்கும் 27 வயதில் கொடுத்தார். இப்போது எனக்கு 52. குடும்பத்தில் யாருக்கு எது வந்தாலும் "அந்தக் கிழங்கை எப்படிச் சாப்பிடுவது?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்தக் கிழங்கை உரித்து, இடித்து, குடித்து, ஒருமுறை தவறாகவும் பயன்படுத்திக் கற்றுக்கொண்டவள். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

44 வயதில் எனக்கு ஓயாத அசதி. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. "உடம்பு பலவீனம்தான், கிழங்கு சாப்பிட்டால் தேறிவிடும்" என்று நானே முடிவு கட்டி, மூன்று மாதம் தவறாமல் பாலில் காய்ச்சிக் குடித்தேன். அசதி கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. மாதாமாதம் அளவுக்கு மீறிப் போன ரத்தத்தை 'இந்த வயதில் இப்படித்தான்' என்று நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அதோடு முடியவில்லை. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை, பால் குடிக்கும்போதே சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன். பாலில் உள்ள கால்சியம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும் என்று அடுத்த முறை போனபோதுதான் தெரிந்தது. இரண்டுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட்ட பிறகுதான் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கியது.

நம் நாட்டில் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நூறு பெண்கள் "அசதி" என்று சொன்னால் அதில் எத்தனை பேருக்குத் தேவை கிழங்கு அல்ல, இரும்பு என்று நினைத்துப் பாருங்கள். அதனால் என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "ரத்தம் பார்த்தாயா?" என்பதுதான். அசதி என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். வெள்ளைப்படுதலில் நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் அது பெரும்பாலும் தொற்று. அதற்கு வைத்தியம் வேறு. மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கிழங்கையும் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

இந்தக் கிழங்கால் என்னென்ன செய்ய முடியும்?

சதாவரி, சதாவேலி, சாத்தாவாரி, நீர்விட்டான் எல்லாம் ஒன்றுதான். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் உடல் சூட்டைத் தணிக்க, நீர்ச்சுருக்குக்கு, வெள்ளைப்படுதலுக்கு, தாய்ப்பால் சுரக்க, உடல் தேற என்று இதைக் கொடுத்து வருகிறார்கள். கிழங்கில் சதாவரின் என்று பெயரிடப்பட்ட சப்போனின் (தண்ணீரில் நுரைக்கும் தாவர வேதிப்பொருள்) வகைப் பொருள்கள் இருக்கின்றன. இவை பெண்களின் ஹார்மோன்களோடு தொடர்புடைய வேலைகளைச் செய்யக்கூடும் என்ற எண்ணத்தில்தான் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அந்த ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதை உள்ளது உள்ளபடி சொல்வதுதான் நியாயம்.

தாய்ப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் 64 தாய்மார்களை வைத்து இந்தியாவில் நடந்த ஆய்வில், சதாவரி கலந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. 2011இல் 60 தாய்மார்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கிழங்கு சாப்பிட்டவர்களுக்கு நன்றாகவே உயர்ந்திருந்தது. ஒன்று இல்லை என்கிறது, ஒன்று ஆம் என்கிறது. இரண்டுமே சின்ன ஆய்வுகள். "சாப்பிட்டால் பால் ஊறியே தீரும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். "வெறும் மூடநம்பிக்கை" என்று தள்ளினால் அதுவும் சரியில்லை.

மாதவிடாய் நின்ற பெண்களைப் பற்றி 2021இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. 20 பெண்கள், ஆறு வாரம். சதாவரி சாப்பிட்டவர்களின் கைப்பிடி வலு கூடியது. கால் தசையின் வலுவில் அப்படி ஒரு மாற்றம் இல்லை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் திடீர் உடல் சூடு, வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றுக்கும் இது உதவுகிறதா என்று சிறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எனக்கு 48 வயதில் இரவில் தலையணை நனைகிற அளவு வியர்க்கும். கிழங்குப் பால் குடித்த வாரங்களில் அது குறைந்ததை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதே வாரங்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் காப்பியையும் நிறுத்தியிருந்தேன். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அடுத்த முறை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினேன்.

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் குழந்தைப்பேறுக்கும் இதைப் பெரிதாக விளம்பரப்படுத்துகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தப் பிரச்சினைகளில் காலம்தான் முக்கியம். ஆறு மாதம் கிழங்கை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கும்போது

ஒருமுறை தங்கை மகளைச் சதாவரி வாங்கி வரச் சொன்னேன். சதகுப்பை வாங்கி வந்து நின்றாள். பெயர் காதில் ஒன்றுபோல விழுவதால் வந்த குழப்பம். சதகுப்பை என்பது விதை, சோம்பு மாதிரி வாசனை அடிக்கும். அதையும் பெண்களுக்குக் கொடுப்பார்கள் என்றாலும் இது அது இல்லை. எழுதிக் கொடுத்து வாங்குவது நல்லது.

காய்ந்த கிழங்காக வாங்கினால் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு முனையும் கூம்பி, நடுவில் பருத்து, நீளவாக்கில் சுருக்கம் விழுந்து, வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாக இருக்க வேண்டும். வாயில் போட்டு மென்றால் முதலில் லேசான இனிப்பு, பின்னால் ஒரு சின்னக் கசப்பு. கருத்திருந்தால், பூஞ்சை வாடை அடித்தால், விரல் பட்ட இடம் பிசுபிசுத்தால் வாங்காதீர்கள். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிற பொருள். சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் உள்ளேயே கெடும்.

பொடியாக வாங்கினால் கண்ணால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பொட்டலத்தில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி நான்கும் அச்சாகியிருக்க வேண்டும். சேர்மானத்தில் இந்த ஒரே கிழங்குதான் இருக்கிறதா என்று படியுங்கள். "பெண்கள் நலம்" என்று போட்டு வரும் கலவைகளில் பத்துப் பன்னிரண்டு மூலிகைகள் இருக்கும். ஒத்துக்கொள்ளாமல் போனால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. பாலில் கலந்து குடிக்கிற குருணை வடிவம் இன்னொரு சிக்கல். அவற்றில் பெரும்பகுதி சர்க்கரையாக இருப்பதுண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பின்பக்க எழுத்தைப் படிக்காமல் வாங்கவே கூடாது.

மாத்திரை, காப்ஸ்யூல் வாங்குகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மில்லிகிராம் காப்ஸ்யூலில் இருப்பது வெறும் பொடி என்றால், 3 கிராம் பொடிக்கு ஆறு காப்ஸ்யூல் வேண்டும். அதிலேயே 'எக்ஸ்ட்ராக்ட்' என்று இருந்தால் அது செறிவூட்டிய சாரம். பொடியின் அளவை அதற்குப் பொருத்தக் கூடாது. அட்டையில் போட்டிருக்கும் அளவைத் தாண்டவே வேண்டாம்.

காட்டிலிருந்தோ வேலியிலிருந்தோ நீங்களே தோண்டி எடுக்கிற எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. கண்வலிக் கிழங்கும், அதாவது செங்காந்தளும், கொடிதான். அதன் கிழங்கில் கொல்கிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. சிறிதளவே உயிருக்கு ஆபத்து. செடியைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் எந்தக் கிழங்கையும் பிடுங்கிச் சாப்பிடாதீர்கள். தண்ணீர்விட்டான் கொடியில் ஊசிபோல மெல்லிய பச்சை இழைகளும், தண்டில் முள்ளும், சின்ன வெள்ளைப் பூக்களும் இருக்கும். அடியில் ஒற்றைக் கிழங்கு இராது. விரல் விரலாகப் பல கிழங்குகள் கொத்தாகத் தொங்கும்.

காய்ச்சும் முறை

ஒரு சமமான தேக்கரண்டிப் பொடி என் சமையல் தராசில் ஏறக்குறைய 3 கிராம் காட்டுகிறது. உங்கள் கரண்டியை ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள், கரண்டிக்குக் கரண்டி வித்தியாசம் உண்டு. பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம் பொடி. நான் யாரையும் 3 கிராமுக்கு மேல் தொடங்கச் சொல்வதில்லை. முதல் நான்கு நாள் அரைக் கரண்டி போதும். இதிலுள்ள நார்ச்சத்து சிலருக்கு வயிற்றை உப்ப வைக்கும், சிலருக்கு வயிறு இளகும். மெதுவாக ஏற்றினால் உடல் பழகிக்கொள்ளும்.

அரை டம்ளர் தண்ணீரில் பொடியை முதலில் கட்டியில்லாமல் கரையுங்கள். கொதிக்கிற பாலில் நேரே கொட்டினால் உருண்டை கட்டி, உள்ளே வேகாமல் கிடக்கும். கரைத்ததோடு அரை டம்ளர் பால் சேர்த்துச் சின்னத் தீயில் வையுங்கள். அடிபிடிக்கும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் அளவு வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்போது இறக்குங்கள். கஞ்சி மாதிரி இல்லாமல் கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். பொறுக்கிற சூடு வந்த பிறகு வேண்டுமானால் பனங்கற்கண்டு ஒரு துண்டு. பழைய முறைப்படி செய்ய நினைப்பவர்களுக்கு: பாற்கஷாயத்துக்கு மருந்து ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு வைத்துப் பால் அளவுக்கு வற்ற விடுவார்கள். நேரம் பிடிக்கும் வேலை, பொடியை விட இடித்த கிழங்குக்கே அது பொருத்தம்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெந்நீரில் குடிக்கலாம். தேங்காய்ப் பாலிலும் என் நாத்தனார் குடிக்கிறார், அவருக்கு அது சரியாக இருக்கிறது.

நேரம் என்று பார்த்தால் இரவு உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து எனக்கு வசதி. தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் கிழங்குப் பாலை அதன் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்; மாலைக்குத் தள்ளிவிடுங்கள். இரும்பு மாத்திரை பற்றி மேலே சொன்னதை மறக்க வேண்டாம்.

யார் தொடக் கூடாது, யார் கேட்டுவிட்டுத் தொட வேண்டும்

கர்ப்பமாக இருப்பவர்கள் தானாக எடுக்கக் கூடாது. பாட்டி காலத்தில் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் எலிகளில் செய்த ஓர் ஆய்வில் இதன் சாரம் கொடுத்தபோது குட்டிகளுக்குக் குறைபாடு வந்தது. மனிதக் கருவுக்குப் பாதுகாப்பானது என்று காட்டும் நல்ல ஆய்வு இல்லாதபோது, அந்தப் பொறுப்பை வயிற்றில் இருக்கும் குழந்தை மேல் ஏற்ற எனக்கு மனம் வராது.

மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), நார்க்கட்டி என்று ஹார்மோனோடு தொடர்புடைய நோய் இருந்தவர்கள், இருப்பவர்கள் புற்றுநோய் மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ கேட்காமல் தொட வேண்டாம். எனக்கு நார்க்கட்டி இருப்பது தெரிந்த அன்றே நானும் நிறுத்தினேன். கட்டிக்கு வைத்தியம் முடிந்து, மருத்துவர் சரி என்ற பிறகுதான் 48 வயதில் மறுபடி எடுத்தேன். சிறுநீரைப் பெருக்கும் தன்மை இதற்கு உண்டு என்பதால் மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டும். சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். காய்கறியாகச் சாப்பிடும் ஆஸ்பராகஸின் குடும்பச் செடி இது. அந்தக் காய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஆகாது. முதல் சில நாளில் தடிப்பு, அரிப்பு, முகம் வீங்குவது, மூச்சு இறுக்கம் எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவரிடம் "நாட்டு மருந்துதானே, சொல்ல வேண்டுமா?" என்று பலர் மறைக்கிறார்கள். சொல்லுங்கள். பொட்டலத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் இருக்கிறது; பட்டம் படித்த சித்த மருத்துவர் உங்கள் உடல்வாகு பார்த்து அளவு சொல்வார்.

பால் போதவில்லை என்று நினைக்கும் தாய்க்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். தங்கை மகள் பிரசவமான எட்டாம் நாள் அழுதுகொண்டே போன் செய்தாள். "பெரியம்மா, எனக்குப் பால் பத்தல, கிழங்குப் பொடி அனுப்புங்க." பொடியோடு நானும் போனேன். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தது. காம்பு புண்ணாகியிருந்ததால் அவள் வலிக்குப் பயந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மடியில் போட்டாள். அங்கே குறை பாலில் இல்லை. மருத்துவமனையில் தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் குழந்தையின் தாடையை மார்போடு ஒட்டி, வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடித்துக் காட்டினார். அன்றிலிருந்து நாளுக்கு 8 முதல் 12 தடவை கொடுத்தாள். மார்பு காலியானால்தான் மறுபடி சுரக்கும். எந்தக் கிழங்கும் அந்த வேலையைச் செய்யாது.

போதுகிறதா என்று பார்க்க, ஐந்தாம் நாளுக்கு மேல் குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாக நனைக்கிறதா என்று எண்ணுங்கள். பிறந்தபோது இருந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் உடனே குழந்தை மருத்துவர். இதெல்லாம் சரியாக நடக்கும்போது, மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத நிலையில், மாலையில் ஒரு டம்ளர் கிழங்குப் பால் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தங்கை மகளும் குடித்தாள். அந்தப் பத்து நிமிடம் குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன், அவள் உட்கார்ந்து சூடாக ஒன்றைக் குடிப்பாள். அதுவும் அவளுக்கு வேண்டியிருந்தது.

எழுதி வையுங்கள், நிறுத்தும் நாளையும் குறியுங்கள்

தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் எதுவும் குடிக்காமல் எழுதுங்கள். இரவில் எத்தனை முறை வியர்த்து விழித்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிடாய் எத்தனை நாள், எத்தனை நாப்கின். எதற்காகக் குடிக்கிறீர்களோ அந்த ஒன்றை மட்டும் எண்ணில் எழுதினால் போதும். "பரவாயில்லை", "கொஞ்சம் தேவலை" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதற்கு அர்த்தமே இருக்காது. என் பழைய நோட்டில் அப்படித்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது, எதற்கும் உதவவில்லை.

ஆறு வாரம் குடித்துப் பாருங்கள். எண் நகரவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், அளவைக் கூட்டாதீர்கள். நகர்ந்தால் இன்னும் ஆறு வாரம் தொடரலாம். பன்னிரண்டு வாரத்தில் எப்படியும் நிறுத்தி, ஒரு மாதம் விட்டு, தொந்தரவு திரும்புகிறதா என்று பார்க்கிறேன். இது என் வழக்கம். நீண்ட காலம் தொடர்ந்து குடித்தவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை என்பதால் இப்படி வைத்துக்கொண்டேன்.

மிச்சப் பொடியைக் கண்ணாடிப் புட்டியில், ஈரமில்லாத கரண்டி போட்டு வையுங்கள். அடுப்புப் பக்கத்து அலமாரி வேண்டாம், அங்கே ஆவி படும். கட்டி தட்டிப்போன பொடியை உடைத்துப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள். பச்சைக் கிழங்கு கிடைத்தால் மேல்முனைக் கொண்டையைக் கொஞ்சம் கிழங்கோடு விட்டு வெட்டி, நீர் தேங்காத மணல் கலந்த மண்ணில் நட்டு, ஏற ஒரு கம்பு கொடுங்கள். கிழங்கு திரள ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். அதுவரை தோண்டிப் பார்க்காதீர்கள், கொத்தின் நுனி ஒடிந்தால் அங்கிருந்தே அழுகத் தொடங்கும்.